ஐசியில் பினாங்கு இருந்தால் அறை இல்லை

ஹோட்டல் கவுண்டரில் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் சிரிக்கக் கற்றுக்கொடுப்பார்கள். மறுநாளிலிருந்து அதே சிரிப்போடு "முடியாது" என்று சொல்லக் கற்றுக்கொடுப்பார்கள்.

நான் பன்னிரண்டு வருஷமாக இந்த இரண்டையும் செய்துவருகிறேன். பினாங்கின் ஜார்ஜ்டவுனில், சூலியா தெருவிலிருந்து நடந்து வரும் தூரத்தில், எண்பது அறைகள் உள்ள ஹோட்டல். பெயரைச் சொன்னால் அடுத்த மாதச் சம்பளம் வராது என்பதால் சொல்லவில்லை. காலை ஒன்பதரை மணிக்கு நின்றால் மாலை ஏழு மணிவரை நிற்க வேண்டும். எங்களுக்கு நாற்காலி கிடையாது. உட்கார்ந்திருக்கும் ஆளைப் பார்த்தால் விருந்தினருக்கு மரியாதைக் குறைவாகத் தோன்றுமாம். கால் வீங்கிய ஆளைப் பார்த்தால் என்ன தோன்றும் என்று யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை.

வங்கியிலோ, கிளினிக்கிலோ, தபால் நிலையத்திலோ, யாரோ போட்ட விதிக்காக யாரிடமோ திட்டு வாங்கிக்கொண்டிருக்கும் என் சகோதர சகோதரிகளே, இது உங்களுக்காக எழுதுவது. கவுண்டருக்கு அந்தப் பக்கம் நிற்பவர்களும் படிக்கலாம். உங்களைப் பற்றியும் நிறைய இருக்கிறது.

காடிக்கு டெபாசிட்

எங்கள் ஹோட்டலில் அறை வாடகையோடு நூறு வெள்ளி டெபாசிட் கட்ட வேண்டும். அறையைக் காலி செய்யும்போது, எல்லாம் சரியாக இருந்தால், திருப்பிக் கொடுத்துவிடுவோம். இதைச் சொன்னதும் பத்துப் பேரில் எட்டுப் பேருக்கு முகம் மாறும். தங்களைத் திருடன் என்று சொல்லிவிட்டதாக நினைத்துக்கொள்வார்கள். மீதி இரண்டு பேர் உடனே எடுத்துக் கொடுப்பார்கள். அந்த இரண்டு பேரின் அறையைத்தான் நாங்கள் கவனமாகச் சோதிப்போம்.

ஒருமுறை ஈப்போவிலிருந்து ஒருவர் குடும்பத்தோடு வந்தார். புத்தம்புது காடி. வாசலில் நிறுத்திவிட்டு உள்ளே வருவதற்குள் மூன்று முறை திரும்பிப் பார்த்தார். டெபாசிட் என்றதும் கையைக் கட்டிக்கொண்டு நின்றுவிட்டார். டெலிவிஷனைச் சுவரில் இறுக்கி வைத்திருக்கிறீர்கள், கட்டிலைத் தூக்க நாலு ஆள் வேண்டும், பிறகு எதற்கு டெபாசிட் என்று நியாயம் கேட்டார். துண்டு காணாமல் போகும், சாவி தொலையும், சிலர் அறைக்குள் டுரியான் பழம் சாப்பிட்டுவிடுவார்கள், அந்த வாடையில் மூன்று நாளைக்கு அந்த அறையை வாடகைக்கு விட முடியாது என்று நானும் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார். பிறகு காடிச் சாவியை எடுத்துக் கவுண்டரில் வைத்தார்.

"சரிங்க மிஸ். உங்க துண்டுக்கு நான் நூறு வெள்ளி கொடுக்கிறேன். என் காடி ராத்திரி பூரா உங்க பார்க்கிங்ல நிக்கப்போகுது. அதுக்கு நீங்க எவ்வளவு டெபாசிட் கொடுக்கப்போறீங்க?"

பத்து மணி டீச்சர்

கையில் காசு இல்லாதவர்கள் வங்கி அட்டையில் டெபாசிட் கட்டுவார்கள். நாங்கள் அந்தப் பணத்தை எடுப்பதில்லை, பிடித்து மட்டும் வைப்போம். "எடுப்பதற்கும் பிடித்து வைப்பதற்கும் என்ன வித்தியாசம்?" என்று கேட்பீர்கள். எடுத்தால் பணம் எங்களிடம் இருக்கும். பிடித்து வைத்தால் எங்களிடமும் இருக்காது, உங்களிடமும் இருக்காது. எங்கே இருக்கும் என்று பன்னிரண்டு வருஷத்தில் எனக்கு யாரும் சொன்னதில்லை.

அலோர் ஸ்டாரிலிருந்து ஒரு டீச்சர் வந்திருந்தார். ஓய்வுபெற இன்னும் இரண்டு வருஷம் இருக்கிறது என்றார். அக்கா குடும்பம், தம்பி குடும்பம் என்று மூன்று அறைகள். மூன்றுக்கும் அவர் அட்டையிலேயே முன்னூறு வெள்ளியைப் பிடித்து வைத்தோம். அறைகளைப் பளிச்சென்று விட்டுவிட்டுப் போனார். தலையணைகூட நேராக இருந்தது. இரண்டு மூன்று நாளில் பணம் கணக்குக்குத் திரும்பிவிடும் என்று நானும் சிரித்தபடியே சொல்லி அனுப்பினேன்.

நாலாவது நாள் காலை சரியாகப் பத்து மணிக்குப் போன் வந்தது. பணம் வரவில்லை. வங்கியைக் கேளுங்கள் என்றேன். ஐந்தாவது நாள் பத்து மணிக்கு, "வங்கில உங்களைக் கேக்கச் சொல்றாங்கம்மா" என்றார். நான் கணக்குப் பிரிவைக் கேட்டேன். அவர்கள் வங்கியைக் கேட்கச் சொன்னார்கள். ஆறாவது நாள், "கோமதி, நேத்துக் கொடுத்த வீட்டுப்பாடம் செஞ்சிட்டியா?" என்று ஆரம்பித்தார். குரலை உயர்த்தவே இல்லை. திட்டியிருந்தால் நானும் பதிலுக்கு மனசுக்குள் திட்டிவிட்டு வேலையைப் பார்த்திருப்பேன். அவரோ தினமும் ஒரு தகவல் மட்டும் சொல்லுவார். "இன்னிக்கு மீன்காரர் வந்தாரு. நல்ல வவ்வால். நான் வாங்கல. உன் ஹோட்டல் வாங்கிச்சான்னு கேட்டுச் சொல்லும்மா."

ஒன்பது மணி ஐம்பத்தைந்துக்கே என் கண் போனுக்குப் போய்விடும். பக்கத்துக் கம்ப்யூட்டரில் நிற்கும் ஃபரிடா அந்த ஐந்து நிமிஷத்துக்கு மட்டும் கழிவறைக்குப் போய்விடுவாள். பதிமூன்றாவது நாளும் மணி பத்தடிக்கப் போன் வந்தது. எடுத்து, "டீச்சர், இன்னும்..." என்று ஆரம்பித்தேன்.

"பணம் வந்திருச்சு கோமதி. நாளைக்குப் பத்து மணிக்கு யாருக்குப் போன் பண்றதுன்னுதான் தெரியல."

மனைவியைப் பார்க்க வந்தவர்

இரண்டு வருஷத்துக்கு முன்பு கோலாலம்பூரிலிருந்து புது மேனேஜர் வந்தார். ரவீந்திரன் என்று பெயர். நம் ஆள்தான். எப்போதும் கோட்டுப் போட்டிருப்பார். அவர் வந்த மூன்றாம் வாரம், எட்டாவது மாடியில் யாரோ பிறந்தநாள் கொண்டாடி, கேக்கிலிருந்த கிரீமை ஏர்கண்டிஷனருக்குள் போகும்படி அடித்துவிட்டார்கள். மறுநாளே எங்களைக் கூப்பிட்டு ஒரு புது விதியைச் சொன்னார். ஐசியில், அதாவது அடையாள அட்டையில், பினாங்கு விலாசம் இருந்தால் அறை கிடையாது. உள்ளூர்க்காரனுக்கு வீடு இருக்கிறது, வீட்டை விட்டு ஹோட்டலுக்கு வந்தால் ஏதோ தப்புச் செய்யத்தான் வருகிறான் என்பது அவர் கண்டுபிடிப்பு. ஆனால் காரணத்தைச் சொல்லக்கூடாது. "ஃபுல்" என்று மட்டும் சொல்ல வேண்டும்.

"பாஸ், கேக் அடிச்சவங்க ஈப்போக்காரங்க" என்றேன். "அவங்க கூப்பிட்ட விருந்தாளிங்க உள்ளூர்க்காரங்க" என்றார். அதோடு கூட்டம் முடிந்தது.

அந்த மாதமே ஆயர் ஈத்தாம் பக்கம் குழாய் உடைந்து இரண்டு நாளாகத் தண்ணீர் இல்லை. மத்தியானம் ஒரு தம்பதி வந்தார்கள். அவருக்கு அறுபது வயதிருக்கும், கணேசன். மனைவி பாக்கியம், கையில் துணிப்பை. "குளிச்சு ரெண்டு நாளாச்சும்மா, ஒரு நாளைக்கு ரூம் கொடுங்க" என்றார் கணேசன். ஐசியைப் பார்த்தேன். ஆயர் ஈத்தாம், பினாங்கு. "சாரி அங்கிள், ஃபுல்" என்றேன். பாக்கியம் அம்மா ஒரு நிமிஷம் என்னை உற்றுப் பார்த்தார். பிறகு பைக்குள் கையை விட்டுத் தன் ஐசியை எடுத்து நீட்டினார். பேராக் மாநிலம், தைப்பிங் விலாசம். கல்யாணமாகி முப்பத்தோரு வருஷம் ஆகியும் மாற்றவே இல்லை. "இதுல பாரும்மா, ரூம் காலி ஆயிருக்கும்" என்றார்.

பார்த்தேன். காலி ஆகியிருந்தது. பாக்கியம் அம்மாவுக்கு அறை கொடுத்துவிட்டேன். ஆனால் கணேசன் பெயரைச் சேர்த்தால் கம்ப்யூட்டர் மேனேஜரிடம் போட்டுக்கொடுத்துவிடும். பார்வையாளராக வேண்டுமானால் மேலே போகலாம், இரவு பத்து மணிக்குள் இறங்கிவிட வேண்டும் என்றேன். மனிதர் மறுபேச்சுப் பேசாமல் பார்வையாளர் புத்தகத்தை இழுத்து வைத்துக்கொண்டு எழுதினார். யாரைப் பார்க்க வந்தீர்கள் என்ற இடத்தில், பாக்கியம். என்ன உறவு என்ற இடத்தில், கணவர். வந்த காரணம் என்ற இடத்தில், குளிக்க. பத்து மணிக்கு அவர் இறங்கினாரா என்று எனக்குத் தெரியாது, என் வேலை ஏழு மணியோடு முடிந்துவிட்டது. பேனாவைத் திருப்பிக் கொடுக்கும்போது சொன்னார்:

"பொண்ணு பாக்கப் போனப்பகூட எங்க மாமனார் என்னை இவ்வளவு கேள்வி கேக்கல மிஸ்."

பதினோராவது அறை

ஒரு செட்டியார் வீட்டுக் கல்யாணம். காரைக்குடியிலிருந்தும் சென்னையிலிருந்தும் வரும் சொந்தங்களுக்காகப் பத்து அறைகளை ஒரு மாதம் முன்பே அவர்களுடைய ஆபிஸிலிருந்து பதிவு செய்திருந்தார்கள். கல்யாணத்துக்கு முதல் நாள் மத்தியானம் செட்டியாரே நேரில் வந்தார். எழுபதைத் தாண்டியவர். வெள்ளை வேட்டி, நெற்றியில் திருநீறு. பத்து அறைகளையும் சரிபார்த்துவிட்டு, "எனக்கும் ஆச்சிக்கும் இன்னொரு ரூம் போடும்மா. வீட்டுல கால் வைக்க இடமில்ல" என்றார்.

ஐசியை வாங்கினேன். எங்கள் ஹோட்டலிலிருந்து பத்து நிமிஷம் நடந்தால் அவர் வீடு. "ஃபுல்" என்று சொல்ல வாயைத் திறந்தேன். ஆனால் அவர் கையிலிருந்த பட்டியலில் எந்த அறை காலி என்பதுவரை இருந்தது, எங்கள் விற்பனைப் பிரிவே கொடுத்தது. வேறு வழியில்லாமல் மெதுவாக, "ஐயா, உள்ளூர் விலாசம் இருந்தா..." என்று இழுத்தேன். அவர் கோபப்படவில்லை. அங்கேயிருந்த சோபாவில் போய் உட்கார்ந்து, "அப்ப சரிம்மா, பத்து ரூமையும் விட்டிருங்க. சொந்தக்காரங்களை வேற எடத்துல வச்சிக்கிறேன்" என்றார்.

நான் மேலே போன் செய்தேன். ரவீந்திரன் லிஃப்டுக்காகக்கூடக் காத்திருக்கவில்லை, படியில் இறங்கி வந்தார். மேனேஜர் கையாலேயே காப்பி வந்தது. நல்ல பார்வை உள்ள அறை, பூங்கொத்து, பழத்தட்டு எல்லாம் வந்தன. "ஐயாவைப் போய் லோக்கல்னு யாராச்சும் சொல்லுவாங்களா?" என்று என்னைப் பார்த்து முறைத்தார். விதியைப் போட்டவர் முறைக்கிறார், விதியைச் சொன்னவள் தலையைக் குனிகிறேன். செட்டியார் காப்பியை ஒரு வாய் குடித்துவிட்டு, ரொம்பப் பணிவாகச் சொன்னார்:

"நான் லோக்கல்தான் தம்பி, எங்க தாத்தாவும் லோக்கல். பத்து ரூம் எடுத்ததுல வெளியூர்க்காரனா ஆயிட்டேன் போல இருக்கு."

ஃபுல்

இதைச் சிரித்துக்கொண்டே எழுத எனக்கு வரவில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை, மத்தியானம் இரண்டு மணி. ஒரு ஆணும் பெண்ணும் கையில் ஹெல்மெட்டோடு வந்தார்கள். நாற்பது வயதுக்குள்தான் இருக்கும். நிபோங் திபால் பக்கம் பைராம் தோட்டத்திலிருந்து மோட்டரில் பாலம் தாண்டி வந்திருக்கிறார்கள். சட்டையெல்லாம் தூசி. அவர் பெயர் சரவணன். அவருடைய அம்மாவை இங்கே ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள், மறுநாள் காலை ஏழு மணிக்கு ஆப்பரேஷன். விடியற்காலையில் மறுபடி அவ்வளவு தூரம் மோட்டரில் வர முடியாது, ஒரே ஒரு நாளைக்கு அறை வேண்டும். நான் கேட்பதற்கு முன்பே டெபாசிட்டையும் எடுத்து வைத்தார். பதிவுத் தாளில் பெயரும் போன் நம்பரும் எழுதிவிட்டு ஐசியை நீட்டினார்.

நிபோங் திபால் பினாங்குத் தீவில் இல்லை, கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. ஆனால் மாநிலம் பினாங்குதான், ஐசியிலும் அப்படித்தான் அச்சடித்திருக்கும். அங்கிருந்து கொஞ்ச தூரம் தள்ளிப் பாரிட் புந்தாரில் குடியிருந்திருந்தால் பேராக்காரராகியிருப்பார், சாவியைக் கையில் கொடுத்து நல்வரவு சொல்லியிருப்பேன். அன்றைக்கு எண்பதில் முப்பத்தாறு அறைகள் காலி. கேமரா தலைக்கு மேலே இருக்கிறது, கம்ப்யூட்டரில் ஏற்றினால் மேனேஜருக்குத் தெரியும், போன வாரம்தான் செட்டியார் விஷயத்தில் திட்டு வாங்கியிருக்கிறேன். இவ்வளவையும் யோசிக்க இரண்டு விநாடிகூட ஆகவில்லை. "சாரி தம்பி, இன்னிக்கு ஃபுல் ஆயிருச்சு" என்றேன்.

"பரவால்லக்கா" என்று சொல்லி அவர் ஐசியை வாங்கிப் பைக்குள் வைத்தார். அவர் மனைவி ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டார். அந்த நேரம் பார்த்து, முதுகில் பெரிய பையோடு ஒரு வெள்ளைக்காரப் பையன் உள்ளே வந்தான். பதிவு எதுவும் செய்யவில்லை, அறை இருக்குமா என்று ஃபரிடாவிடம் கேட்டான். நான் சொன்னது எதுவும் அவள் காதில் விழவில்லை. "இருக்கே, எந்த மாடி வேணும்?" என்று ஆங்கிலத்தில் உற்சாகமாகக் கேட்டாள். எந்த மாடி வேண்டுமானாலும் கிடைக்கும் என்பது சரவணனுக்கும் கேட்டது.

அவர் சண்டை போடுவார் என்று எதிர்பார்த்தேன், போட வேண்டும் என்றும் மனசு கேட்டது. அவர் என் சட்டையில் குத்தியிருந்த பெயரைப் பார்த்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார்.

"தமிழ்ல சொன்னீங்களேன்னு நம்பிட்டேன்கா."

விதியும் மேனேஜ்மெண்டும்

அவர்கள் போய் அரைமணி நேரம் கழித்து, அந்தப் பதிவுத் தாளிலிருந்த நம்பருக்குப் போன் செய்தேன். சூலியா தெருவில் எனக்குத் தெரிந்த ஒரு பாய் சின்னதாக விடுதி வைத்திருக்கிறார், அவரிடம் பேசி ஓர் அறை சொல்லி வைத்திருந்தேன். சரவணன் முழுக்கக் கேட்டுவிட்டு, "வேணாம்கா, ஆஸ்பத்திரி நடையிலேயே உக்காந்துக்கறோம். இங்க யாரும் ஐசி கேக்கல" என்றார். குத்திக் காட்டும் குரலே இல்லை. போனை வைத்த பிறகும் காது சுட்டுக்கொண்டிருந்தது.

நேராக மேனேஜர் அறைக்குப் போனேன். எனக்குத் தைரியம் அதிகம் என்று நினைத்துவிடாதீர்கள். வீட்டுக் கடன் இன்னும் ஒன்பது வருஷம் இருக்கிறது. ஆனால் மறுபடி ஒருமுறை அந்தப் பொய்யை என் வாயால் சொல்ல முடியும் என்று தோன்றவில்லை. "பாஸ், உள்ளூர்க்காரங்களுக்கு ரூம் இல்லைங்கற விதியை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்க. கவுண்டர்ல ஒட்டி வச்சிடறேன். அவங்களே படிச்சிட்டுப் போகட்டும், நான் பொய் சொல்ல வேண்டியதில்ல" என்றேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அறிவில்லாத பிள்ளைக்குச் சொல்வதுபோல நிதானமாக விளக்கினார்.

"எழுதினா அது விதி கோமதி, நாளைக்கு நாலு பேரு கேள்வி கேப்பான். எழுதலைன்னா அது மேனேஜ்மெண்ட்தான் லா."

கடைசியில் எழுதினார்

மறுநாளிலிருந்து நான் "ஃபுல்" என்ற சொல்லை விட்டுவிட்டேன். உள்ளூர் ஐசி வந்தால், "ரூம் இருக்குங்க. ஆனா உங்க விலாசம் பினாங்கு, அதனால கொடுக்கக்கூடாதுன்னு சொல்லியிருக்காங்க" என்று உண்மையைச் சொல்லிவிடுவேன். பன்னிரண்டு வருஷத்தில் வாங்கின திட்டையெல்லாம் சேர்த்து அந்த ஒரு வாரத்தில் வாங்கினேன். ஒருவர் மேஜையைத் தட்டினார். ஓர் அம்மா என்னைப் பார்த்து, "நீ எந்த ஊரு?" என்று கேட்டார். இதே பினாங்குதான், பாயான் பாரு என்றேன். "அப்ப உனக்கும் ரூம் கிடையாதா?" என்றார். கிடையாது என்றேன். "பாவம்" என்று சொல்லிவிட்டுப் போனார். ஓர் இளைஞன் நான் சொன்னதையெல்லாம் போனில் பிடித்து, ஹோட்டலைப் பற்றிக் கருத்து எழுதும் இடத்தில் போட்டுவிட்டான். ஒரே ஒரு நட்சத்திரம். கீழே, "கவுண்டர் பெண்மணி மட்டும் நேர்மையானவர்."

எட்டாவது நாள் எனக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. வீட்டுக்கு எடுத்துப்போய் என் கணவர் சேகரிடம் கொடுத்தேன். அவர் தொழிற்சாலையில் டெக்னீஷியன். எதையும் இரண்டு தடவை படித்துவிட்டுத்தான் பேசுவார். "பினாங்கு விலாசம் உள்ளவர்களுக்கு அறை வழங்குவதில்லை என்ற நிர்வாகக் கொள்கையை, அனுமதியின்றி விருந்தினர்களிடம் தெரிவித்த குற்றத்துக்காக" என்று இருந்தது. கீழே ரவீந்திரனின் கையெழுத்து, ஹோட்டல் முத்திரை. நான் வேலை போய்விட்டதென்றே நினைத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தேன். சேகர் இரண்டாவது தடவை படித்து முடித்தார். "எழுத மாட்டேன்னு சொன்னாரே, இதோ எழுதிட்டாரே கோமதி" என்று சிரித்தார்.

அப்போதுதான் எனக்கும் உறைத்தது. உட்கார்ந்து பதில் எழுதினோம். கொள்கையை எழுத்தில் தந்ததற்கு நன்றி, இந்தக் கடிதத்தையே பெரிதாக்கிக் கவுண்டரில் மாட்ட அனுமதி வேண்டும் என்று நாலே வரி. கோலாலம்பூர் தலைமை அலுவலகத்துக்கும் ஒரு நகல் அனுப்பினேன். அடுத்த நான்கு நாள் பதில் இல்லை. கவுண்டரில் போன் அடித்தால் ஃபரிடாதான் எடுப்பாள். ஐந்தாவது நாள் ரவீந்திரன் கூப்பிட்டார். கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டிருந்தார். அவர் கோட்டு இல்லாமல் நான் பார்த்தது அன்றைக்குத்தான். தலைமை அலுவலகத்து வக்கீல் காலையிலிருந்து மூன்று தடவை பேசிவிட்டாராம். என்னை உட்காரச் சொன்னார், உட்கார்ந்தேன். வேலை நேரத்தில் அந்த ஹோட்டலில் நான் உட்கார்ந்ததும் அதுதான் முதல் தடவை.

"கோமதி, அந்த லெட்டரை நான் எழுதவே இல்லைன்னு வச்சிக்கலாமா?"

தூங்க வந்தவர்

வைத்துக்கொண்டோம். கடிதம் ரத்தானது, விதியும் போனது. அடுத்த வாரம் தலைமை அலுவலகமே ஓர் அறிவிப்பை அச்சடித்து, பிளாஸ்டிக் உறை போட்டு அனுப்பியது. உள்ளூர் விருந்தினர்களை அன்புடன் வரவேற்கிறோம் என்று மேலே பெரிய எழுத்தில் இருந்தது. கீழே சின்ன எழுத்தில், வெளியூர்க்காரர்களுக்கு டெபாசிட் நூறு வெள்ளி, உள்ளூர்க்காரர்களுக்கு இருநூறு. ஃபரிடா படித்துவிட்டு, "அன்பு எப்பவும் கொஞ்சம் விலைதான் லா" என்றாள்.

அந்த அறிவிப்புக்குப் பிறகு வந்த முதல் உள்ளூர் ஐசி, என் பக்கத்துப் பேட்டையைச் சேர்ந்த ஒரு பெண்ணுடையது. முப்பத்தைந்து வயதிருக்கும். தொழிற்சாலைச் சீருடையிலேயே வந்திருந்தார், தோளில் ஒரு சின்னப் பை. தனியாக ஒரு நாளைக்கு அறை வேண்டும் என்றார். இப்படித் தனியாக வரும் உள்ளூர்ப் பெண்ணைப் பற்றித்தான் ரவீந்திரன் ஒரு காலத்தில் எங்களுக்குத் தனியாக வகுப்பே எடுத்தார். நான் ஒன்றும் கேட்கவில்லை. அவராகவே சொன்னார். "தப்பா நெனைக்காதீங்கக்கா. தூங்கணும். வீட்ல மூணு பிள்ளைங்க, மாமியார், நாத்தனார். பன்னெண்டு மணி நேர ஷிஃப்ட் முடிச்சுப் போனா அங்க இன்னொரு ஷிஃப்ட். இன்னிக்கு லீவ் போட்டுட்டு, வீட்ல ஓவர்டைம்னு சொல்லியிருக்கேன்."

டெபாசிட் இருநூறு என்று சொல்ல எனக்கே கூச்சமாக இருந்தது. உள்ளூர் என்பதால் இரட்டிப்பு என்பதையும் மறைக்காமல் சொன்னேன். அவர் நாலு ஐம்பது வெள்ளித் தாள்களை எடுத்து வைத்தார். நான் ஏழாவது மாடியில், லிஃப்ட் சத்தம் கேட்காத கடைசி அறையைக் கொடுத்தேன். நான் வேலையில் இருந்த நேரம் முழுக்க அந்த அறையிலிருந்து ஒரு போன்கூட வரவில்லை. மறுநாள் பதினோரு மணிக்கு இறங்கி வந்தார். முகம் வேறு யாருடையதோபோல இருந்தது. கன்னத்தில் தலையணை மடிப்பின் கோடு. அறையைப் பார்த்துவிட்டு வந்த பெண், கட்டிலில் ஒரு பக்கம் மட்டும்தான் கசங்கியிருக்கிறது, டெலிவிஷன் ரிமோட்டைத் தொடவே இல்லை என்றாள். டெபாசிட்டைத் திருப்பிக் கொடுத்தேன். எண்ணாமல் பையில் வைத்துக்கொண்டு, வாசல்வரை போனவர் திரும்பி வந்தார்.

"என் வீட்லயும் ஒரு கவுண்டர் போட்டு நீங்க நில்லுங்கக்கா. கதவைத் தட்டறவங்ககிட்ட எல்லாம் ஃபுல்னு சொல்லுங்க."

ஆக, எங்கள் ஹோட்டலுக்கு இப்போது உள்ளூர் மக்கள்மீது முழு நம்பிக்கை வந்துவிட்டது, அதன் மதிப்பு இருநூறு வெள்ளி, அறையைக் காலி செய்யும்போது திருப்பிக் கொடுத்துவிடுகிறோம்.